ஃபெராரிக்கு இன்னா வைத்தியம்? பாஸ மாத்துறதா, ஸ்டார் டிசைனர கூட்டியாறதா, ஒரு வருஷத்தையே கை கழுவுறதா

2025 ஃபார்முலா ஒன் (எஃப் ஒன்) கார் ரேஸ் சீசன் முடிஞ்சப்போ ஃபெராரி கணக்கு இதான்: 398 பாயின்ட், கன்ஸ்ட்ரக்டர்ஸ்ல, அதாவது டீமுங்களுக்கான கப்புல, நாலாவது எடம், 24 ரேஸ்ல ஒண்ணு கூட ஜெயிக்கல. வயித்தெரிச்சல் இன்னான்னா அதுக்கு முந்தின வருஷம்தான் 652 எடுத்து, 666 எடுத்த மெக்லாரன்கிட்ட வெறும் 14 பாயின்ட்ல கப்ப உட்டாங்க, அஞ்சு ரேஸ் வேற ஜெயிச்சிருந்தாங்க, சரி அடுத்த வருஷம் ஸ்டார் டிரைவர் ஹாமில்டனும் வர்றாரு, இனிமே நம்ம ராஜ்ஜியம்தான்னு செவப்பு டீ-ஷர்ட்டு வாங்கி வச்சவனெல்லாம் இப்போ அத போட்டுக்கினு வெளிய வர்றதே இல்ல. ஹாமில்டன் சீனாவுல சனிக்கிழம ஸ்பிரின்ட்னு சொல்ற சின்ன ரேஸ் ஜெயிச்சாரு. மறுநாள் மெயின் ரேஸ் முடிஞ்சதும் ரெண்டு காரையும் டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க. அவரு காருக்கு அடியில இருக்குற பிளாங்க்ங்கிற பலகை கொறைஞ்சது 9 மில்லிமீட்டர் இருக்கணும், அதுல அரை மில்லி கம்மி. இன்னொரு டிரைவர் லெக்லெர் காரு 800 கிலோ இருக்கணும், பெட்ரோல எறக்கிட்டு நிறுத்தா 799. அந்த ஒரு கிலோவுக்கும் அரை மில்லிக்கும் ரெண்டு பேரோட பாயின்ட்டும் போச்சு. அதுக்கப்புறம் ஹாமில்டனுக்கு வருஷம் பூரா ஞாயித்துக்கெழம ரேஸ்ல ஒரு போடியம் (மொத மூணு எடம்) கூட கெடைக்கல, அவரு கேரியர்ல இப்படி ஒரு சீசன் இதுக்கு முன்னாடி இருந்ததே இல்ல.

இந்த டீம உன் கையில குடுத்தா இன்னா பண்ணுவ? தண்டையார்பேட்டையில எங்க செட்டு உக்கார்ற பைக் மெக்கானிக் ஷெட்டுல இத வச்சி நடக்காத சண்டையே இல்ல. யூரோப் ரேஸ்னா சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பிக்கும், ஷெட்டு அண்ணன் ஷட்டர பாதி எறக்கிட்டு டிவிய போட்டுருவாரு. இந்தப் பக்கம் ஆளுங்களுக்கு மிஷின்னா இன்னான்னு யாரும் கிளாஸ் எடுக்க வேணாம், திருவொற்றியூர்ல என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப், அந்தாண்ட எண்ணூர்ல லேலண்டுன்னு வீட்டுக்கு ஒருத்தர் ஏதோ ஒரு கேட்டுக்குள்ள பஞ்ச் அடிச்சவங்கதான். பெருசுங்க இன்னும் ரெட்டில்ஸ் தாண்டி சோழவரம் ஏர் ஸ்டிரிப்புல ரேஸ் பாத்த கதைய சொல்லும். அதனால பேச்சு எப்பவும் டிரைவர விட்டுட்டு வண்டிக்கும் வண்டி செய்யுற ஆளுங்களுக்கும் வந்துரும்.

ஷெட்டு அண்ணன் கட்சி: பாஸ தூக்கு, டீம் பாஸ் வாஸர் வேஸ்ட், ரெட் புல் டீம்ல இருந்து தொரத்தி உட்ட பாஸ் ஹார்னர கூட்டியா. ஃபெராரி பைத்தியம் ஒருத்தன் கட்சி: பாஸெல்லாம் யாரா வேணா இருக்கட்டும், கார வரையுற, பென்சில் புடிக்கிற பெரிய கை ஒண்ணு வேணும். இன்னொருத்தன் எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில குவாலிட்டில இருக்கான், அவன் ரொம்ப பேச மாட்டான், ஆனா பேசுனா எல்லாரும் வாய மூடிக்குவோம், அவன் சொன்னது கடைசில வருது. என் கட்சிய எழுதத்தான் இந்தக் கட்டுரையே.

முதல்ல பாஸ மாத்துறது. ஆளு மாறுனா அடுத்த நாளே பேப்பர்ல போட்டோ வரும், ரசிகனுக்கும் கோவம் கொஞ்சம் எறங்கும், அதனால எல்லாருக்கும் முதல்ல தோணுற வைத்தியம் இதான். ஆனா ஃபெராரி இந்த மாத்திரைய போடாமலா இருக்கு? கடைசியா டிரைவர் கப்பு 2007ல ரைக்கோனென், கன்ஸ்ட்ரக்டர்ஸ் 2008. அதுக்கப்புறம் பாருங்க, டொமெனிகாலி 2014 ஏப்ரல்ல போனாரு, அமெரிக்காவுல ஃபெராரி காரு வித்துக்கினு இருந்த மத்தியாச்சிய கொண்டாந்தாங்க, அவரு அந்த வருஷம் நவம்பர் வரைக்கும் கூட முழுசா ஓடல, அப்புறம் சிகரெட் கம்பெனி ஸ்பான்சர் பக்கத்துல இருந்து வந்த அரிவபேனே 2018 முடிய, அப்புறம் இஞ்சினியர் பினோட்டோ 2022 முடிய, 2023ல இருந்து வாஸர். காரு விக்கிறவரு, மார்க்கெட்டிங்காரரு, உள்ளயே வளர்ந்த இஞ்சினியரு, வெளிய இருந்து வந்த ரேஸ்காரருன்னு எல்லா டைப்பையும் டிரை பண்ணியாச்சு, கப்பு மட்டும் வரல. ஒவ்வொரு தடவ ஆளு மாறும்போதும் கீழ இருக்குறவன் யாருக்கு சலாம் போடணும்னு யோசிக்கவே ஒரு வருஷம் போயிடுது, அதுக்குள்ள அடுத்த கார டிசைன் பண்ற நேரமும் தாண்டிருது.

இந்த வழியில எவ்ளோ தூரம் போலாம்னு பாக்கணும்னா அல்பைன் டீம பாருங்க. 2021ல ரெனோ பேர மாத்திட்டு வந்தாங்க, அப்போ பெரிய தல ரொஸ்ஸி, 100 ரேஸ்ல மேல வந்துருவோம்னு பிளான் சொன்னாரு. 2022 ஆரம்பத்துல புட்கோவ்ஸ்கி போனாரு, சாஃப்நவர் வந்தாரு. 2023 ஜூலையில ஸ்பா ரேஸ் நடந்துக்கினு இருக்கும்போதே, வெள்ளிக்கெழம, சாஃப்நவரும் பல வருஷமா அந்த ஃபேக்டரியில இருந்த பெர்மேனும் போறாங்கன்னு அறிக்கை உட்டாங்க. அதே நாள்ல பேட் ஃப்ரை வில்லியம்ஸுக்கு கெளம்பிட்டாரு. அப்புறம் ஃபமின், அப்புறம் ஓக்ஸ், அவரு 2025 மே மாசம் ராஜினாமா, அப்புறம் பிரியாத்தோரே தானே பாத்துக்குறேன்னாரு, அப்புறம் செப்டம்பர்ல நீல்சன். மூச்சு வாங்குது. 2025ல அல்பைன் 22 பாயின்ட்டு, பத்து டீம்ல பத்தாவது. நூறு ரேஸ் கணக்கு எங்க போச்சுன்னு கேக்கக் கூட அந்த நாற்காலில பழைய ஆளு ஒருத்தரும் இல்ல.

இத சொன்னா ஷெட்டு அண்ணன் உடனே ரெட் புல்ல இழுப்பாரு, அங்கதான் நம்ம வாதம் கொஞ்சம் ஆடும், ஒத்துக்கணும். 2025 ஜூலைல ஹார்னர தூக்குனாங்க, 20 வருஷம் இருந்த ஆளு. மெக்கீஸ் வந்தாரு. ஆகஸ்ட் கடைசில ஜாண்ட்ஃபோர்ட் முடிஞ்சப்போ அவங்க டிரைவர் வெர்ஸ்டாப்பன் டிரைவர் கப்புல 104 பாயின்ட் பின்னாடி இருந்தாரு, அப்புறம் மோன்சா, பாக்கு, ஆஸ்டின், வேகாஸ், கத்தார், அபுதாபின்னு ஆறு ரேஸ அள்ளி, கடைசில வெறும் 2 பாயின்ட்ல மெக்லாரன் டிரைவர் நாரிஸ்கிட்ட கப்ப உட்டாரு. "பாத்தியா, பாஸ மாத்துனா காரே மாறுது பாரு"ன்னு அண்ணன் தொடைய தட்டுவாரு.

அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. அந்த ஆறு மாசத்துல ரெட் புல்லுல மாறுனது மேல ஒரு ஆளு மட்டும்தான், கார் டிசைன் பாத்துக்குற வாஷே அப்படியே இருந்தாரு, ஃபேக்டரியும் அதே. வந்தவரு மெக்கீஸ், அவரே இஞ்சினியரு, ஃபெராரியில சில வருஷம் இருந்துட்டுப் போனவரு, டிரைவர் சொல்றத கேட்டு செட்டப்ப மாத்துறதுக்கு கீழ இருக்குறவங்களுக்கு எடம் குடுத்தாரு, மோன்சாவுல புது ஃப்ளோர் (காரோட அடித்தட்டு) வேற வந்துச்சு. முக்கியமான விஷயம் அவங்க அந்த வருஷத்து கார தொடர்ந்து டெவலப் பண்ணாங்க. 2026க்கு ரூல்ஸ் மொத்தமா மாறுதே, எதுக்கு இந்தப் பழைய காருக்கு இவ்ளோ செலவுன்னு கேட்டதுக்கு, எங்க கணக்கு போடுற முறையும் டூல்ஸும் சரியான்னு தெரிஞ்சுக்காம அடுத்த கார நம்பி செய்ய முடியாதுன்னு மெக்கீஸ் வெளிப்படையாவே சொன்னாரு. இந்த பாயின்ட்ட ஞாபகம் வச்சிக்கங்க.

அப்புறம் ஃபெராரி வீட்டுக்குள்ளயே ஒரு உதாரணம் இருக்கு, அத ஏன் யாரும் பேசுறதில்லன்னு தெரியல. லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல 2023, 2024, 2025 மூணு வருஷமும் ஃபெராரியோட 499பி காருதான் ஜெயிச்சது, 2025ல உலக என்டியூரன்ஸ் கப்பும் அவங்களுக்குத்தான். அதே மரனெல்லோ ஃபேக்டரி, அதே குதிர சின்னம், மேல பிரசிடென்ட்டா அதே எல்கான். அந்தப் பக்கத்த கொலெட்டான்னு ஒரே ஆளு பல வருஷமா பாத்துக்குறாரு. பிரேசில்ல ரெண்டு எஃப் ஒன் காரும் பாதில நின்ன அன்னிக்கு அடுத்த நாளு எல்கான், டிரைவர்ங்க பேச்ச கொறச்சிட்டு ஓட்டுறதுல கவனம் வைக்கணும்னு சொன்னாரு பாருங்க, எனக்கு அப்ப தோணுனது, ஏன் சார், என்டியூரன்ஸ் பக்கம் குடுத்த பொறுமைய இந்தப் பக்கமும் கொஞ்சம் குடுத்துப் பாக்கலாமேன்னுதான்.

ரெண்டாவது வழி ஸ்டார் டிசைனர். இத சீக்கிரமா முடிச்சிடலாம், ஏன்னா இதுல ஆசைதான் அதிகம். ரெட் புல் கார வரைஞ்ச நியூவின்னு சொன்னாலே போதும், ஃபெராரி பைத்தியத்துக்கு கண்ணு கலங்கிடும். அவர ஃபெராரி பல தடவ கூப்பிட்டுப் பாத்துச்சு, கடைசில ஆஸ்டன் மார்ட்டின் தூக்கிட்டாங்க, 2025 மார்ச்ல சேந்தாரு, 2026க்கு டீம் பிரின்சிபல் நாற்காலியும் அவருக்கேன்னு அறிவிச்சாங்க. வந்து ரெண்டு மாசத்துல அவரு சொன்னது இன்னா தெரியுமா? நம்ம சிமுலேட்டர் சரியில்ல, நெசத்தோட ஒத்துப் போகல, இத சரி பண்ண நாளாகும்னு. உலகத்துலயே பெரிய பென்சில கொண்டாந்து உக்கார வச்சாலும் அந்தாளு முதல்ல கேக்குறது அளக்குற சாமான் சரியா இருக்கான்னுதான்.

பெரிய ஆள புடிக்கிறதுல நேரமும் ஒரு பிரச்சன. போட்டி டீம்ல இருந்து வர்றவன் உடனே வேலைக்கு வர முடியாது, கார்டனிங் லீவுன்னு வீட்டுல உக்கார வச்சிருவாங்க. இஞ்சினியர் சான்செஸ் 2023 மார்ச்ல ஃபெராரிய உட்டாரு, மெக்லாரன்ல 2024 ஜனவரிலதான் சேர முடிஞ்சது, சேந்து மூணு மாசத்துல போயிட்டாரு, அதுக்கப்புறம் அல்பைன். ஃபெராரியில இருந்து 2024 ஜூலைல போன கார்தீலே ஆஸ்டன் மார்ட்டின்ல ஒக்கார ஒரு வருஷம் ஆச்சு. இந்தப் பக்கம் மெர்சிடிஸ்ல இருந்து வந்த செர்ரா 2024 அக்டோபர்லதான் மரனெல்லோ வந்தாரு, அப்போ 2025 காரு பாதி வரைஞ்சு முடிஞ்சிருக்கும், அவரு ஒண்ணுல இருந்து வரையுற மொத காரே 2026துதான். அதுக்குள்ள அவரையும் மாத்துன்னா அப்புறம் யாருதான் ஒரு கார முழுசா செஞ்சு பாக்குறது?

மூணாவதுதான் நெஜமாவே மண்டைய ஒடைக்கிற வழி. இந்த வருஷத்த கை கழுவிட்டு அடுத்த வருஷத்து காருல எல்லாத்தையும் போடு. இதுக்கு எல்லாரும் எடுத்து உடுற ஒரே உதாரணம் 2009. ஹோண்டா 2008ல 14 பாயின்ட், ஒன்பதாவது எடம், அந்த கார சீக்கிரமே மறந்துட்டு பாஸ் ராஸ் பிரான் மொத்த ஃபேக்டரியையும் 2009 ரூல்ஸுக்குத் திருப்பி உட்டாரு, ஹோண்டாவே காச நிறுத்திட்டு ஓடிப்போச்சு, பிரான் டீம ஒரு பவுண்டுக்கு வாங்குனாரு, அடியில காத்த இழுக்குற டபுள் டிஃப்யூசர்னு ஒரு சாமான் வச்ச அந்த காரு டிரைவர் பட்டன் கையில ரெண்டு கப்பையும் எடுத்துச்சு. செம கத, சினிமா மாதிரிதான். ஆனா அதே மாதிரி செஞ்சு ஒண்ணும் வராதவங்க கதைய யாரும் சொல்ல மாட்டாங்க. 2021ல ஹாஸ் காரத் தொடவே இல்ல, வருஷம் பூரா சைபர் பாயின்ட், அடுத்த வருஷம் பஹ்ரைன் மொத ரேஸ்ல மேக்னுசன் அஞ்சாவது வந்து எல்லாரும் கை தட்டுனோம், வருஷ முடிவுல எட்டாவது எடம்தான். 2025ல அல்பைனும் இதே பாட்டுதான் பாடுனாங்க.

வில்லியம்ஸ் கொஞ்சம் வேற மாதிரி, அத தனியா சொல்லணும். வவுல்ஸ் 2023ல மெர்சிடிஸ்ல இருந்து பாஸா வந்து பாத்தா, காரோட கிட்டத்தட்ட 20,000 பாகத்தையும் ஒரு எக்செல் ஷீட்டுல வச்சி கணக்கு பாத்துக்கினு இருந்திருக்காங்க, எந்தப் பார்ட்டு எங்க இருக்கு, எப்போ வரும்னு யாருக்கும் சட்டுன்னு சொல்லத் தெரியல. 2024 ஆஸ்திரேலியாவுல ஆல்பன் இடிச்சிட்டாரு, ஸ்பேர் ஷாஸி (காரோட கூடு) இல்ல, இன்னொரு டிரைவர் சார்ஜன்ட்ட எறக்கிட்டு அந்த கார ஆல்பன்கிட்ட குடுத்தாங்க. எஃப் ஒன் டீமுக்கு ஸ்பேர் இல்லன்னா யோசிச்சுப் பாருங்க, எங்க ஷெட்டுலயே ஆக்சிலேட்டர் கேபிள் நாலு தொங்கும். அந்த எடத்துல வவுல்ஸ் கைய வச்சது செய்யுற முறையிலதான், 2026 மேலதான் கண்ணுன்னு சொல்லிக்கினே 2025ல அஞ்சாவது வந்துட்டாங்க, சைன்ஸ் பாக்குலயும் கத்தார்லயும் போடியம் ஏறுனாரு. சைன்ஸ் யாருன்னு தெரியும்ல, ஹாமில்டனுக்கு எடம் வேணும்னு ஃபெராரி அனுப்பி வச்ச ஆளு.

இப்போ ஃபெராரி. வாஸர் சீசன் கடைசில சொன்னது, 2025 காரோட ஏரோ வேலைய (காரு மேல காத்து ஓடுற விதத்த சரி பண்றத) ஏப்ரல் கடைசியிலேயே நிறுத்திட்டோம், மாடல் மேல காத்த ஊதி அளக்குற விண்ட் டன்னல 2026க்கு குடுத்துட்டோம்னு. இன்னும் இருபது ரேஸுக்கிட்ட பாக்கி இருக்கும்போது. அதுக்கப்புறமும் ஆஸ்திரியாவுல ஃப்ளோர், ஸ்பாவுல பின்னாடி சஸ்பென்ஷன்னு சாமான் வந்துச்சு, ஆனா புதுசா எதுவும் யோசிக்கல. இதோட மனசு பாரம் இவ்ளோ இருக்கும்னு கணக்கு பண்ணலன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. பின்ன இருக்காதா, ஹங்கேரியில லெக்லெர் போல் (மொத ஆளா நின்னு கெளம்புற எடம்) எடுக்குறாரு, ரேஸ்ல மொத பாதி சூப்பர், கடைசி பாதில காரு சாவுது, நாலாவதா முடிக்கிறாரு, ரேடியோவுல டீம திட்டுறாரு, அப்புறம் எறங்கி ஷாஸியில ஏதோ கோளாறுன்னு சொல்லி சமாளிக்கிறாரு. அந்த ரேஸுக்கு மூணு நாளு முன்னாடிதான் வாஸருக்கு கான்ட்ராக்ட்ட நீட்டிச்சிருந்தாங்க.

கை கழுவுறதுல ஒரு லாபம் இருக்குன்னு சொல்றவங்க ரூல்ஸையும் காட்டுவாங்க. மொத எடத்துல இருக்குற டீமுக்கு விண்ட் டன்னல் நேரம் அடிப்படை அளவுல 70 பர்சென்ட், ஒவ்வொரு எடம் கீழ போக அஞ்சு அஞ்சு பர்சென்ட் ஏறும், பத்தாவது டீமுக்கு 115. அப்போ நாலாவது வந்த ஃபெராரிக்கு 85, மெக்லாரனுக்கு 70. ஜூன் முடிவுல மறுபடி எடத்த பாத்து கணக்க மாத்துவாங்க. ஓக்கே, கூட நேரம் கெடைக்குதுதான். ஆனா அந்த நேரத்துல டன்னல் உனக்கு பொய் சொன்னா? 15 பர்சென்ட் கூட பொய்தான கெடைக்கும்.

இங்கதான் நம்ம குவாலிட்டி மச்சான் வாயத் தொறந்தான். "எங்க லைன்ல ரிஜெக்ஷன் ஏறுனா மேனேஜர் மொதல்ல ஆபரேட்டர புடிச்சு கத்துவாரு, அப்புறம் மிஷின மாத்து, மெட்டீரியல மாத்துன்னு ஆடுவாரு. நான் போயி, அளவு கரெக்டா தெரிஞ்ச மாஸ்டர் பீஸ வச்சி, அளக்குற கேஜ செக் பண்ணுவேன். கேஜு ரெண்டு மைக்ரான் தப்புன்னா அன்னிக்கு ஃபுல்லா போட்ட ரிப்போர்ட்டு எல்லாம் குப்ப. ஆபரேட்டர் பாவம் அவன் வேலைய சரியாதான் செஞ்சிருப்பான்"ன்னான். ஃபெராரி கதைய இந்த ஒரே கண்ணாடி வழியா திரும்பிப் பாத்தா பதினஞ்சு வருஷம் வேற மாதிரி தெரியுது.

டன்னல்ல வைக்கிறது முழுசு காரு இல்ல, 60 பர்சென்ட் சைஸ்ல மாடல், காத்து மணிக்கு 180 கிலோமீட்டர தாண்டக்கூடாது. அதுல வர்ற நம்பரும் ரோட்டுல கார் காட்டுற நம்பரும் ஒத்துப் போகணும், அதத்தான் கோரிலேஷன்னு சொல்லுவாங்க. வெள்ளிக்கெழம பிராக்டிஸ்ல கார்ல பச்ச கலர்ல பெயின்ட்ட பூசிக்கினு போவாங்க பாத்திருப்பீங்க, இல்லன்னா டயருக்கு பின்னாடி பெரிய கம்பி வல மாதிரி ஒண்ண மாட்டிக்கினு மெதுவா ஒரு ரவுண்டு வருவாங்க, அதெல்லாம் இந்த கேஜ செக் பண்ற வேலதான். பெயின்ட்டு எந்தப் பக்கம் இழுத்திருக்குன்னு போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல வந்த படத்தோட வச்சி பாப்பாங்க. ரெண்டும் வேற வேறன்னா எங்கயோ பொய்.

2012ல ஃபெராரிக்கு அவங்க டன்னலே பொய் சொல்லி, அத மூடி சரி பண்ணிக்கினு ஜெர்மனில கொலோன்ல இருக்குற டொயோட்டா டன்னல வாடகைக்கு எடுத்து ஓடுனாங்க. 2018ல வெட்டல் கப்புக்கு சண்ட போட்டுக்கினு இருக்கும்போது அப்கிரேடு மேல அப்கிரேடா வந்துச்சு, காரு மெதுவாயிக்கினே போச்சு, கடைசில ஆஸ்டின்ல அதெல்லாம் கழட்டிப் போட்டு பழைய சாமான மாட்டுனாங்க, ரைக்கோனென் ரேஸ் ஜெயிச்சாரு. பழச மாட்டுனதும் வேகமா ஓடுச்சுன்னா நடுவுல ரெண்டு மாசம் எத நம்பி இருந்தாங்க? 2024ல பார்சிலோனாவுல புது ஃப்ளோர் போட்டாங்க, வேகமான வளைவுல காரு குதிக்க ஆரம்பிச்சது, சில்வர்ஸ்டோன்ல திரும்ப பழசுக்கு வந்து, மோன்சாவுலதான் சரியான சாமான் வந்துச்சு, அங்க லெக்லெர் ஜெயிச்சாரு. அந்த நடுவுல போன பாயின்ட்ட கூட்டிப் பாருங்க, வருஷக் கடைசில கொறஞ்ச 14 அதுக்குள்ள எங்கயோ கெடக்கு. மூணு கதையிலயும் பாஸ் வேற, டெக்னிக்கல் தல வேற. கோளாறு மட்டும் ஒண்ணு.

ஃபெராரி மட்டும்னு சொல்ல முடியாது, மெர்சிடிஸ் 2022ல பக்கவாட்டுல பொடைச்சிருக்குற சைட்பாடே கிட்டத்தட்ட இல்லாத கார டன்னல் நம்பர நம்பித்தான் செஞ்சாங்க, ரோட்டுல அது குதிர மாதிரி குதிச்சது, 2023 மொனாக்கோவுலதான் அந்த டிசைன உட்டாங்க. பாஸ் டோட்டோ வுல்ஃப மாத்தல, மேல போயிருந்த டெக்னிக்கல் தல ஆலிசன திரும்ப கார் பக்கம் எறக்குனாங்க.

அதனால நாலாவது வழி, என் ஓட்டு அதுக்குத்தான்: பாஸ அப்படியே வை, அவருக்குக் கீழ வேல நடக்குற முறைய பிரிச்சு மாத்து, காரு எந்த நெலமையில இருந்தாலும் டெவலப் பண்றத முழுசா நிறுத்தாத. மெக்லாரன் செஞ்சது இதான். 2022 கடைசில பாஸ் சைட்ல் சாபர் டீம் பக்கம் போனதும், வெளிய பெரிய பேர தேடாம உள்ள இருந்த ஸ்டெல்லாவ உக்கார வச்சாரு சிஇஓ சாக் பிரவுன். 2023 மொத ரேஸ் பஹ்ரைன்ல பியாஸ்ட்ரி காரு நின்னு போச்சு, நாரிஸ் ஆறு தடவ பிட்டுக்கு வந்து கடைசி ஆளா முடிச்சாரு. கவனிங்க, ஸ்டெல்லா சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இந்த காரு நாங்க நெனச்ச மாதிரி இல்லன்னு வெளிய சொல்லிட்டாரு. அந்த மார்ச்லயே டெக்னிக்கல் டைரக்டர் கீ போயிட்டாரு, அந்த ஒத்த நாற்காலிய மூணா பிரிச்சாங்க, ஏரோவுக்கு ப்ரோட்ரோமுன்னு உள்ள இருந்த ஆளு, ரெட் புல்லுல இருந்து மார்ஷல வரவழைச்சாங்க. அதுவரைக்கும் கொலோன் டன்னலுக்கு மாடல தூக்கிக்கினு அலஞ்சவங்க அந்த வருஷம் அவங்க எடமான வோக்கிங்ல சொந்த டன்னல ஓட ஆரம்பிச்சாங்க. ஜூலைல ஆஸ்திரியாவுல பெரிய அப்கிரேடு, நாரிஸ் நாலாவது, அடுத்த ரேஸ் சில்வர்ஸ்டோன்ல ரெண்டாவது. டன்னல் சொன்ன நேரம் ரோட்டுல அப்படியே வந்துச்சு. அன்னில இருந்து அவங்க போட்ட அப்கிரேடுல கழட்டிப் போட்டது ரொம்ப கம்மி. 2024ல 26 வருஷத்துக்கு அப்புறம் கன்ஸ்ட்ரக்டர்ஸ், 2025ல மறுபடி அதுவும் நாரிஸுக்கு டிரைவர் கப்பும்.

இதுல ஃபெராரிக்காரன் நெஞ்சுல குத்துற விஷயம், ஸ்டெல்லா பதினாலு வருஷம் மரனெல்லோல வேல செஞ்சவரு, ரைக்கோனென், அலோன்சோவுக்கெல்லாம் ரேஸ் இஞ்சினியரு, 2014 முடிஞ்சு மெக்லாரன் போனாரு. இந்தப் பக்கம் மத்தியாச்சி வந்து போன அதே வருஷம். கையில இருந்த ஆள உட்டுட்டு பதினொரு வருஷமா வெளிய ஆள் தேடுறாங்க.

பொறுமைக்கு ஃபெராரியே பழைய கணக்கு வச்சிருக்கு. தோட் 1993ல பாஸா வந்தாரு. 1996ல ஷூமேக்கர் வந்தும் ஒண்ணும் நடக்கல, பிரான்ஸ்ல போல்ல இருந்த காரு ஃபார்மேஷன் லேப்லயே இஞ்சின் புகைஞ்சு நின்னு போச்சு, இத்தாலி பேப்பருங்க தோட் தலைய கேட்டுச்சு. ஷூமேக்கர், அவரு போனா நானும் போறேன்னு நின்னாரு. அப்போ கார டிசைன் பண்றது இங்கிலாந்துல டிசைனர் பார்னர்ட் ஆபீஸ்ல, செய்யுறது இத்தாலியில, 1997ல பிரானும் பைர்னும் வந்து எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டாந்தாங்க. 1999ல கன்ஸ்ட்ரக்டர்ஸ், 2000ல டிரைவர் கப்பு, 21 வருஷத்துக்கப்புறம். தோட் வந்து ஏழு வருஷம் ஆச்சு. இப்போ யாருக்கு ஏழு வருஷம் குடுக்குறாங்க, மூணாவது வருஷமே டீக்கடையில ராஜினாமா எழுதி வச்சிர்றோம்.

வாஸர வைக்கலாம்னு சொல்றதுக்காக அவர தலையில தூக்கி வச்சிக்க சொல்லல. 2025 காருல முன் சஸ்பென்ஷன்ல இருந்து பெரும்பாலானத மாத்துனது தேவையான்னு இன்னிக்கும் எனக்கு டவுட்டு, 14 பாயின்ட்ல உட்ட கார கொஞ்சம் தீட்டியிருந்தா போதுமோன்னு. ஏப்ரல்ல நிறுத்துனது அத விட பெரிய சந்தேகம். காரு ஏன் குதிக்குது, ஏன் அடிப் பலகைய இவ்ளோ மேல தூக்கி வச்சாதான் ஓட முடியுதுன்னு முழுசா புரிஞ்சுக்காமலே அடுத்த காருக்குப் போனா, அந்தப் புரியாத்தனமும் கூடவே வண்டியேறி வரும். ரெட் புல் அந்த எடத்துலதான் வேற முடிவெடுத்தாங்க. ரூல்ஸ் மாறுற வருஷம் இதோட ஆபத்து இன்னும் ஜாஸ்தி, 2026ல கரண்டு மோட்டாரே 350 கிலோவாட், நேர் ரோட்டுக்கும் வளைவுக்கும் ஏத்த மாதிரி முன்னாடியும் பின்னாடியும் விங் அசையும், ஓவர்டேக் பண்ண பின் விங்க தொறக்குற டிஆர்எஸ் கெடயாது, காரு எடையே முப்பது கிலோ கிட்ட எறங்குது. புது சாமான் அவ்ளோ இருக்கும்போது கேஜ் மேல நம்பிக்க இல்லாம எத அளப்ப?

ஹார்னர் பத்தி ஒரு வார்த்த, இல்லன்னா ஷெட்டு அண்ணன் டீ வாங்கித் தர மாட்டாரு. ஹார்னர் பெரிய ஆளுதான், எட்டு டிரைவர் கப்பு ஆறு கன்ஸ்ட்ரக்டர்ஸ் சும்மா வராது. ஆனா அது 2005ல இருந்து அவரு கையாலேயே கட்டுன வீடு, நியூவி வந்து உக்காந்த வீடு. மரனெல்லோல பிரசிடென்ட்டு, சிஇஓ, இத்தாலி பேப்பரு, எல்லாத்துக்கும் மேல டிஃபோசின்னு சொல்ற ஃபெராரி ரசிகருங்க கூட்டம், இத்தன பேருக்கு நடுவுல புதுசா ஒரு ராஜா வந்து சிம்மாசனத்த செட் பண்ணவே ரெண்டு சீசன் ஓடிரும்.

எதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு பாத்தாலே போதும். பாஸ மாத்தி பலன் தெரிய மூணு வருஷம், ஸ்டார் டிசைனர்னா லீவு முடிஞ்சு வந்து மொத கார் ஓட ரெண்டு வருஷம், வருஷத்த கை கழுவுனா ஒரு வருஷம் போறது உறுதி, பலன் சந்தேகம். டன்னலையும் சிமுலேட்டரையும் ரோட்டோட ஒத்துப் போக வைக்கிற வேல ஒரு சீசனுக்குள்ள தெரிஞ்சிரும், தப்பா போனாலும் எங்க தப்புன்னாவது தெரியும். செலவு வரம்பு இருக்குற காலத்துல தப்பான ஒரு ஃப்ளோர் செஞ்சு தூக்கிப் போடுற காசு திரும்ப வராது, அதனாலயும் இது மலிவு.

நெஜமாவே கஷ்டப்பட்ட டீமுன்னா இன்னான்னு நம்ம ஊருக்காரர கேட்டா தெரியும். சென்னைக்காரர் கருண் சாந்தோக் 2010ல எச்ஆர்டி டீம்ல சேந்தாரு, பஹ்ரைன் மொத ரேஸ், பிராக்டிஸ் பூரா அவரு காரு ரெடியாவல, மொத மொத அந்த காரு ரோட்டுல ஓடுனதே குவாலிஃபையிங்லதான். கார் செஞ்சு குடுத்த டல்லாராவோட அதே வருஷம் பிரிஞ்சுட்டாங்க, அதுக்கப்புறம் அந்த காருக்கு டெவலப்மென்ட்னு ஒண்ணு இல்ல, 2012 முடிஞ்சதும் டீமே இல்ல. நரேன் கார்த்திகேயனும் அங்க ஓட்டுனாரு. அளக்குறதுக்கு சாமானே இல்லாத டீமு அது. ஃபெராரிகிட்ட எல்லாம் இருக்கு, அத நம்பலாமா வேணாமான்னு தெரியாம இருக்காங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

என் ஓட்டு எப்போ மாறும்னும் சொல்லிட்றேன், இல்லன்னா சும்மா வாஸருக்கு ஜால்ரான்னு சொல்லுவானுங்க. புது ரூல்ஸ்ல மொத பெரிய அப்கிரேடு வரும்போது வெள்ளிக்கெழம பாருங்க. ஒரு கார்ல புது ஃப்ளோர், இன்னொண்ணுல பழசுன்னு ஓட்டிப் பாத்துட்டு, ஞாயித்துக்கெழம ரெண்டு காரும் புதுசோட நின்னா கேஜ் சரியாவுதுன்னு அர்த்தம், எத்தனாவது வந்தாலும் கவலப்படாதீங்க. ரெண்டு காரும் பழசுக்கே திரும்பி வந்து, அடுத்த அப்கிரேடுலயும் அதே நடந்துச்சுன்னா, டன்னல் பக்கமும் ஏரோ பக்கமும் இருக்குற தலைங்கள மாத்தணும், அதுக்கு வாஸர் ஒத்துக்கலன்னா அப்போ அவரையும் மாத்தலாம்.